கிட்டங்கிக்கு வந்த பூ

தூத்துக்குடி
18.6.2025

அன்புத் தங்கை அனுசியாவுக்கு அண்ணன் ஆறுமுகநயினார் எழுதுவது.

இங்கே நான் சுகம். சர்க்கரை கொஞ்சம் கூடுதல், மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. மஸ்கட் வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் வாடாமல் இருக்கிறீர்களா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போனில் நான் உலக விஷயம் பேச வாயெடுத்தாலே, "அண்ணே, அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று வைத்துவிடுகிறாய். ஒரு வீட்டில் எத்தனை பால்தான் பொங்கும்? கடிதம் என்றால் முழுக்கப் படித்துத்தான் ஆகவேண்டும்.

செங்கடலில் சண்டை ஓயவில்லை. ஐரோப்பாவுக்குப் போகிற கப்பல்கள் இன்னும் ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போகின்றன. சுற்றிப் போகும் கப்பலுக்கு அரிசி, காய்கறி, குடிதண்ணீர், கயிறு, பெயிண்ட் எல்லாமே கூடுதலாக வேண்டும். நம் சப்ளை நன்றாக ஓடுகிறது. எங்கோ யாரோ அடித்துக்கொள்கிறார்கள், இங்கே எனக்கு வியாபாரம். ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் கூச்சம்.

போன வாரம் வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். புதிதாக வரும் கார் தொழிற்சாலையைப் பற்றிப் பேசினேன். ஆள் எடுக்கிறார்கள் என்றதும் நம்மிடம் வேலை செய்த பிள்ளைகள் எல்லாம் அங்கே ஓடுகிறார்கள், விசுவாசம் என்பதே போய்விட்டது என்றேன். நல்ல கைதட்டல். அப்போது பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். மில்லர்புரத்தில் உலர்பூ கம்பெனி வைத்திருக்கிறாராம். பனையோலை, தாமரைக்காய், பருத்திக்காய்க் கூடு எல்லாவற்றையும் காயவைத்துச் சாயம் ஏற்றி, அலங்காரத்துக்காக வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்.

"ஓடுதாங்கன்னு சொல்லுதிய அண்ணாச்சி. உங்க கடை ஆளுகளுக்கு பி.எஃப். உண்டா?"

"நம்மளது சின்னக் கடைம்மா..."

"லீவு?"

"கேட்டா குடுப்போம்."

"அப்பம் அவங்க ஓடல அண்ணாச்சி. வழி தெரிஞ்சு நடந்து போறாங்க."

எனக்கு விழுந்ததைவிடப் பெரிய கைதட்டல். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன்
ஆறுமுகநயினார்


மஸ்கட்
9.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. நாங்கள் நலம். இங்கே வெயிலைப் பற்றிப் பேசக்கூடத் தெம்பில்லை, ஏசி இருக்கிறவரை கவலையுமில்லை. கடையில் வியாபாரம் பரவாயில்லை.

உங்கள் எழுத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு படித்தேன், சிரிப்பு வந்துவிட்டது. பால் பொங்குவது உண்மைதான். நீங்கள் செங்கடலைத் தொடங்கும்போதுதான் அது பொங்குகிறது, நான் என்ன செய்ய?

அந்த அம்மா கேட்டதில் என்ன தப்பு? பி.எஃப். கொடுத்தால் குறைந்தா போய்விடுவீர்கள்?

இன்னமும் மெஸ் சாப்பாடுதானா? லட்சுமி உங்களைத் தனியாக விட்டுப் போய் நான்கு வருஷம் ஆகப்போகிறது. ஒரு சமையல்காரம்மாவை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. கோயம்புத்தூரில் சிவப்பிரகாஷ் தானே பொங்கித் தின்கிறானாம். அப்பாவுக்கு ரசம் வைக்கக்கூடத் தெரியாது என்று போனில் சொல்லிச் சிரிக்கிறான்.

உங்கள் மாப்பிள்ளை உங்களைக் கேட்டதாகச் சொன்னார்.

தங்கை
அனுசியா


தூத்துக்குடி
30.8.2025

அன்புத் தங்கைக்கு,

அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். என் சர்க்கரை இறங்கியிருக்கிறது.

அமெரிக்கா வரி போட்டதை டிவியில் பார்த்திருப்பாய். முதலில் இருபத்தைந்து சதவீதம் என்றார்கள், மூன்று வாரத்தில் ஐம்பது ஆக்கிவிட்டார்கள். இறால் ஏற்றுமதிக்காரர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கோ ஒரு மேஜையில் ஒருவர் கையெழுத்துப் போடுகிறார், மில்லர்புரத்தில் ஒரு கம்பெனியில் விசிறி நிற்கிறது. இத்தனை வருஷம் துறைமுகத்தில் நின்றும் உலகம் இவ்வளவு சின்னது என்று எனக்கு உறைத்ததில்லை.

மில்லர்புரம் என்று சொன்னது சண்முகவடிவு அம்மாவின் கம்பெனியை. கூட்டத்தில் என்னை மடக்கினாரே, அவர்தான். கிறிஸ்துமஸ் ஆர்டர் மொத்தமும் அமெரிக்காவுக்கு. பெட்டி கட்டிக் கன்டெய்னர் ஏற்றப்போகும் நேரத்தில் வேண்டாம் என்று மெயில் வந்துவிட்டது. வாடகைக் குடோனையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். சங்கத்தில் சொன்னார்கள். கடற்கரைச் சாலையில் நம் சாமான் அடுக்குகிற பழைய கிட்டங்கி பாதி சும்மாதானே கிடக்கிறது என்று போய்ப் பார்த்தேன்.

"வாடக என்ன?" என்றார்.

"காலியாத்தான கெடக்கு. அத விடுங்க."

"வாடக சொன்னா வாரேன். இல்லன்னா வேண்டாம்."

ஒரு வாடகை சொன்னேன். அது அதிகம் என்று பேரம் பேசினார்! சும்மா தருகிறேன் என்றவனிடம் பேரம் பேசிய ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

இப்போது கிட்டங்கி முழுக்கப் பெட்டி. இலவங்கமும் ஆரஞ்சுத் தோலும் கலந்த மாதிரி ஒரு வாசனை. நம் கயிறும் பெயிண்டும்கூட மணக்கின்றன.

வேலை இல்லையே, பாதிப் பெண்களை நிறுத்திவிடலாமே என்று யோசனை சொன்னேன். சண்முகவடிவு அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "சாயம் ஏத்தக் கத்துக்குடுக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. இன்னைக்கு நிறுத்திட்டு நாளைக்கு எங்க போய்த் தேட? கார் கம்பெனி வாசல்லயா?" என்றார். ஒருத்தரையும் நிறுத்தவில்லை. வாரத்தில் பாதி நாள் இவர்கள், பாதி நாள் அவர்கள் என்று முறை வைத்திருக்கிறார். அவருடைய சம்பளம்தான் முதலில் நின்றது.

நம் கடை ஆட்களுக்கும் பி.எஃப். எழுதியாகிவிட்டது. யாரும் சொல்லிச் செய்யவில்லை.

அன்புடன்
அண்ணன்


மஸ்கட்
20.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். எனக்கு முழங்கால் வலி, வயசுக்கு உள்ளது.

பி.எஃப். எழுதியது நல்ல காரியம். யாரும் சொல்லவில்லை என்பதை நான் நம்பிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை அவரிடமும் படித்துக் காட்டினேன். "உங்க அண்ணன் அமெரிக்காவப் பத்தி எழுதியிருக்காரா, அந்த அம்மாவப் பத்தி எழுதியிருக்காரா?" என்று கேட்டார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

அந்த அம்மாவின் குடும்பம் எப்படி? வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

தங்கை
அனுசியா


தூத்துக்குடி
24.10.2025

அன்புத் தங்கைக்கு,

தீபாவளி மழையோடு நன்றாகவே கழிந்தது. உங்களுக்கும் அப்படியே என்று நம்புகிறேன். சிவப்பிரகாஷ் இரண்டு நாள் வந்திருந்தான். நான் இளைத்திருப்பதாகவும் அது நல்லதுதான் என்றும் சொன்னான்.

நீ கேட்டதற்குப் பதில். வடிவு அம்மாவின் வீட்டுக்காரர் சாகுபுரம் ரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், மஞ்சள்காமாலையில் தவறிப் பல வருஷம் ஆகிறது. அவர் இருந்தபோது வீட்டு மாடியில் நாலு பெண்களை வைத்துத் தொடங்கிய கம்பெனி இது. ஒரே பெண் இந்துமதி, சென்னையில் நர்ஸ்.

இனி வியாபாரம். அமெரிக்கா வாங்காத சரக்கை உள்ளூரில் விற்கப் போகிறேன் என்றார். நான் சிரித்தேன். "மல்லியும் பிச்சியும் வெளையுத ஊர்ல காய்ஞ்ச பூவ எவன் வாங்குவான்?" என்றேன். அவரிடம் வேலை பார்க்கும் ஸ்டெபிக்கு ஆலந்தலை ஊர். அவள் தங்கை கல்யாணத்துக்கு மண்டபம் முழுக்க அந்தப் பெட்டிகளைப் பிரித்து அலங்காரம் செய்தார்கள். எனக்கும் அழைப்பு. போய் நின்றால், வாசலில் பனையோலையில் ஆளுயரத் தோரணம், மேடைக்குப் பின்னால் வெள்ளையும் பொன்னுமாகப் பூச்சுவர். மாப்பிள்ளையையும் பெண்ணையும் விட்டுவிட்டுச் சனம் பூவோடு போட்டோ எடுத்துக்கொள்கிறது. பந்தியில் வடிவு பக்கத்து இலை. "என்ன, யாரும் வாங்க மாட்டாங்கன்னு யாரோ சொன்னாவளே?" என்று பாயசத்தைப் பார்த்துக் கேட்டாள். அந்தப் போட்டோக்கள் சுற்றிச் சுற்றி, இப்போது திருநெல்வேலி, மதுரை மண்டபக்காரர்கள் எல்லாம் கேட்கிறார்கள்.

நாட்டில் கையில் காசு இல்லை என்று நாம் புலம்புகிறோம். காசு இருக்கிறது அனுசியா. எதைக் கேட்பது என்று சனத்துக்குத் தெரியவில்லை, காட்டினால் கேட்கிறார்கள். இதை வடிவு சொன்னாள். நான் சொன்னதாக நேற்றுச் சங்கத்தில் சொல்லிவிட்டேன்.

சாயந்திரம் கிட்டங்கியில் எல்லோருக்கும் டீ வரும். நானும் ஒரு வாய் குடித்துவிட்டு வருவேன். ஒன்று கவனித்தேன். முன்பு வார்த்தைக்கு வார்த்தை அண்ணாச்சி என்பாள். இப்போது அப்படிக் கூப்பிடுவதில்லை. வேறு எப்படியும் கூப்பிடுவதுமில்லை. நேரே விஷயத்தைத் தொடங்கிவிடுகிறாள். வியாபார மும்முரம் போல. நீ வேறொன்றும் நினைக்க வேண்டாம்.

முழங்காலுக்குத் தைலம் அனுப்பட்டுமா?

அண்ணன்


தூத்துக்குடி
28.11.2025

அன்புத் தங்கைக்கு,

நலம். நலமாக இருப்பாய்.

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போனிலும் மழையைப் பற்றியும் முழங்காலைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டாய். வேலையாக இருப்பாய்.

லட்சுமி திதி நல்லபடியாக முடிந்தது. சிவப்பிரகாஷ் வந்திருந்தான். காக்கைகூட உடனே வந்து சாப்பிட்டது.

துறைமுகத்தில் கப்பல் வரத்து வழக்கம்போல். டாலர் ஏறுகிறது. காய்கறி விலை மழையால் கூடியிருக்கிறது. புதிய விமான நிலையக் கட்டடம் பெரிதாக இருக்கிறது, பார்க்கிங் வசதி உண்டு. கார் தொழிற்சாலைப் பேருந்துகள் காலையில் வரிசையாகப் போகின்றன. வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

அண்ணன்


மஸ்கட்
19.12.2025

அண்ணனுக்கு,

நாங்கள் நலம் என்று எழுதித் தொடங்க வேண்டும். அவர் நலம். நான் இத்தனை நாள் நலமாக இல்லை.

உங்கள் தீபாவளிக் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு வரிகூட வரவில்லை. "வடிவு அம்மா" என்று தொடங்கி, பாதியில் "வடிவு" ஆகி, "சொன்னாள்" என்று முடித்திருந்தீர்கள். அண்ணாச்சி என்று கூப்பிடுவதை அவர் நிறுத்திவிட்டார் என்றும் எழுதியிருந்தீர்கள். அதன் பொருள் உங்களுக்கே தெரியாமல் எழுதினீர்களா, எனக்குத் தெரியட்டும் என்று எழுதினீர்களா? எனக்குத் தெரிந்துவிட்டது.

லட்சுமியை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான். நான்தான் அம்மாவிடம் சண்டை போட்டேன், நான்தான் அவள் அப்பாவிடம் போய்ப் பேசினேன். அவளுக்காகக் கோபப்பட இப்போது அவள் இல்லையே, அதையும் நானே செய்தேன். உங்களிடம் ஒன்றும் சொல்லாமல் ஒரு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு நவம்பர் கடிதம் வந்தது. டாலர், காய்கறி, பார்க்கிங். அண்ணே, அந்தக் கடிதத்தில் ஒரு ஆள் இல்லை. ஒருத்தர் பேசவில்லை, ஒருத்தர் உங்களை மடக்கவில்லை, நீங்கள் யாரிடமும் தோற்கவில்லை. லட்சுமி இறந்த வருஷம் உங்கள் குரல் போனில் அப்படித்தான் இருந்தது. படித்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன். கோபமெல்லாம் போய்ப் பயம் வந்துவிட்டது.

கிட்டங்கிக்குப் போவதை நிறுத்திவிட்டீர்களா? மழுப்பாமல் எழுதுங்கள். அந்த அம்மாவின் முகவரியும் வேண்டும்.

அனுசியா


தூத்துக்குடி
5.1.2026

அன்புத் தங்கைக்கு,

நலம்தான். மழுப்பாமல் எழுதச் சொன்னாய்.

உன் பதில் வராதபோதே எனக்கு விளங்கிவிட்டது. திதி முடிந்ததும் கிட்டங்கிச் சாவியை வடிவிடமே கொடுத்துவிட்டேன். "நம்ம சாமான பக்கத்துக் குடோனுக்கு மாத்திட்டேன், இனி இங்கன வர வேண்டிய வேல இல்ல" என்றேன். சாவியை வாங்கிக்கொண்டாள். டீக்காரர் மட்டும் இன்னும் ஒரு டம்ளர் கூடுதலாக வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துப்போகிறாராம். சங்கத்தில் கேட்டுச் சிரித்தார்கள்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. இந்த வயசில் உன்னையும் சிவப்பிரகாஷையும் சங்கடப்படுத்தி எனக்கு என்ன வேண்டியிருக்கிறது? இருக்கிறபடி இருந்துவிடுகிறேன்.

முகவரி பின்பக்கத்தில். ஏதும் கடுமையாக எழுதிவிடாதே. அவர்கள் பக்கம் ஒரு குற்றமும் இல்லை.

அண்ணன்


மஸ்கட்
22.1.2026

மதிப்பிற்குரிய சண்முகவடிவு அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் மகளும் நலமாக இருக்க வேண்டும். என்னை உங்களுக்குத் தெரியாது. ஆறுமுகநயினாரின் தங்கை நான். எனக்கு உங்களைத் தெரியும். எங்கள் அண்ணன் ஏழு மாதமாக உலக நிலவரம் என்ற பெயரில் உங்களைப் பற்றித்தான் எனக்கு எழுதிக்கொண்டிருந்தார்.

நவம்பருக்குப் பிறகு அவர் உங்கள் பக்கம் வராமல் போனதற்குக் காரணம் நான். என் மௌனத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். வெளியே அதிகாரம், உள்ளே அவ்வளவுதான் தைரியம்.

அவருடைய மனைவி செல்வலட்சுமி என் தோழி. அவளை மறக்கச் சொன்னால் என்னால் முடியாது. அதனால் முதலில் எனக்கு உங்கள் மேல் கோபம் இருந்தது. இதை மறைத்துவிட்டு உங்களுக்கு எழுதுவது மரியாதை ஆகாது.

இப்போது வேறு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அண்ணன் குறட்டை விடுவார். பேப்பரைப் படித்துவிட்டு எட்டாக மடித்து வைப்பார், அடுத்த ஆள் படிக்க முடியாது. அடுத்தவர் சொன்ன நல்ல யோசனையைத் தான் சொன்னதாகச் சங்கத்தில் சொல்லிக்கொள்வார். இதெல்லாம் தெரிந்த பிறகும் உங்களுக்கு அவர்மேல் நல்ல எண்ணம் இருந்தால், அவராக வந்து கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரம் அவருக்கும் ஒரு கடிதம் போடுகிறேன், உங்களிடம் வந்து பேசச் சொல்லி.

அனுசியா


தூத்துக்குடி
10.2.2026

அன்புள்ள அனுசியாவுக்கு,

சண்முகவடிவு எழுதுவது. நானும் இந்துமதியும் சுகம். நீங்களும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். சரக்குக்குத்தான் கடிதம் எழுதிப் பழக்கம், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வியாழக்கிழமை வந்தார். வாசலில் நின்றே அமெரிக்க வரி குறையப்போகிறது என்று பேச்சு அடிபடுவதையும் கயிறு விலையையும் சொன்னார்.

"கயித்து வெல சொல்லத்தான் வந்தியளா?" என்றேன்.

"தங்கச்சி லெட்டர் போட்டிருக்கா."

"எனக்கும்தான் போட்டிருக்காவ."

அப்படியே பக்கத்திலிருந்த பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். புது ஆர்டரில் போலந்துக்குப் போக வேண்டிய பெட்டி, நசுங்கிப்போனது.

"ஒங்களுக்கா? என்ன எழுதியிருக்கா?"

"நீங்க கொறட்ட விடுவியளாம்."

முகம் சிவந்துவிட்டது. ஸ்டெபியும் மற்றவர்களும் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு சிரிக்கிறார்கள். எழுந்து நசுங்கிய பெட்டியை நிமிர்த்தப் பார்த்தார். பிறகு, "இந்த வயசுல கல்யாணம்னு சொன்னா ஊரு சிரிக்கும்லா?" என்றார்.

"சிரிச்சா ஒரு வாரம். அப்புறம் அவுகளுக்கே அலுத்துரும்" என்றேன்.

கேட்டது அவரா, நானா என்று இன்னும் எங்களுக்குள் தகராறு.

இந்துமதியிடம் சொன்னேன். "அவரு சமைப்பாராம்மா?" என்றாள். ரசம் கற்றுக்கொள்கிறார் என்றேன். அழுதாள், பிறகு ரசத்துக்குப் பொடி அளவு சொன்னாள். சிவப்பிரகாஷ் என்னோடு அரைமணி நேரம் போனில் பேசினான். அப்பாவின் மாத்திரைகளைப் பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறான். சம்மதம் என்று அவன் சொல்லவில்லை, நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

கம்பெனி என் பேரிலேயே நடக்கும். மில்லர்புரத்து வீட்டில் இருப்போம். செல்வலட்சுமி படம் அவர் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் இடத்திலிருந்து இங்கே வரும். என் வீட்டுக்காரர் படத்துக்குப் பக்கத்தில் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். உங்கள் தோழியின் இடத்தை நான் கேட்கவில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் எனக்கும் ஓர் இடம் போட்டுக்கொள்கிறேன். உங்கள் முகம் கோணாமல் இருந்தால் போதும்.

மாசி கடைசியில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. நீங்கள் வந்தால்தான் தேதி குறிப்போம்.

இப்படிக்கு
சண்முகவடிவு


மஸ்கட்
25.2.2026

அன்புள்ள மதினிக்கு,

இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஒரு மாலைநேரம் ஆயிற்று. எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். அவர் அடுத்த அறையிலிருந்து யாரைக் கூப்பிடுகிறாய் என்று கேட்டார்.

லட்சுமியும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கல்யாணம் முடிந்து அவள் எங்கள் வீட்டுக்குள் கால்வைத்த அன்று அம்மா என்னிடம், "ஏளா, இனிமே பேரு சொல்லப்பிடாது. மதினின்னு கூப்பிடு" என்றாள். நான் வாயைத் திறந்தேன், எனக்குச் சிரிப்பு. அவளுக்கும் சிரிப்பு. இரண்டு பேரும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் பெரியவர்களுக்கெல்லாம் கோபம். கடைசிவரை அவள் எனக்கு லட்சுமிதான். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு வெளியே நின்று கூப்பிட்டபோதும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

அதனால் மதினி என்ற சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமிருந்து எடுத்து உங்களுக்குக் கொடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். புதுசாகவே இருக்கிறது.

படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் மாட்டப்போவதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டும்போது என்னால் முடிக்க முடியவில்லை, அவர் வாங்கிப் படித்தார். லட்சுமிக்குப் பேச ஆள் வேண்டும், அவளுக்கும் நல்லதுதான்.

மார்ச் ஏழாம் தேதி சென்னை வழியாக வருகிறோம். டிக்கெட் போட்டாயிற்று. அண்ணன் விமான நிலைய வாசலில் நின்று புதுக் கட்டடத்தின் பெருமை பேசுவார், அவரை விடுங்கள். நீங்கள் கூட்டத்தில் எங்கே நின்றாலும் சரி, வெளியே வந்ததும் நான் சத்தமாகக் கூப்பிடுவேன். எனக்குப் பழக்கமில்லாத சொல், குரல் கொஞ்சம் உடைந்தாலும் உடையும். உடனே திரும்பிப் பாருங்கள்.

உங்கள் நாத்தனார்
அனுசியா